மனூவர் என்று எழுதினேன்

அந்த நாளில் என்னிடம் இருந்தவை ஒரு கறுப்புக் கோட்டும் ஓர் ஆங்கில அகராதியும். கோட்டு இரவல். அகராதியைத் தூக்கிய நேரத்துக்குத் தண்டால் எடுத்திருந்தால் கொஞ்சம் மார்பாவது வந்திருக்கும்.

யுத்தம் முடிந்த சமயம். தூத்துக்குடிக் கரையோரம் ஆழமில்லாததால் கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளியே நிற்கும். தோணிகள்தான் சரக்கைக் கொண்டுபோகும். நான் ஒரு தோணிக் கம்பெனியில் கணக்கெழுதும் ரைட்டர்.

ஒருநாள் கச்சான் என்ற மேல்காற்றில், கப்பலோரம் கட்டியிருந்த எங்கள் தோணி இரும்புச் சுவரில் மோதத் தொடங்கியது. இன்னும் நாலு மோதலில் பலகை பிளந்திருக்கும். தோணியை நடத்திய தண்டல் கயிற்றை வெட்டி, சுக்கானைத் திருப்பி வெளியே எடுத்துவிட்டார். ஆறு பேர் பிழைத்தார்கள். கயிற்றேணியில் கால் வைத்திருந்த ஒரு கூலியாள் கப்பலுக்கும் தோணிக்கும் நடுவில் விழுந்தான். மறுநாள் திரேஸ்புரம் பக்கம் பிணமாக ஒதுங்கினான்.

விசாரணை வந்தது. தண்டலின் லைசென்ஸ் அவர் வாக்குமூலத்தில் தொங்கியது. அதை இங்கிலீஷில் எழுத நான்.

“கப்பல்ல நின்ன துரை வெட்டுன்னு கையக் காட்டுனாரு, ரைட்டரய்யா. வெட்டுனேன். அம்புட்டுதான்.”

“ஆறு உசுரைக் காப்பாத்திட்டு அம்புட்டுதாங்கியளே அண்ணாச்சி! சும்மா இரிங்க. நான் எழுதுதேன் பாருங்க.”

அந்த மாதம்தான் ‘மனூவர்’ என்ற சொல்லைப் பிடித்திருந்தேன். கப்பலையோ படையையோ சாமர்த்தியமாக நகர்த்துவது என்று பொருள். புதுச்சட்டை போட்டவன் தெருவை நாலு சுற்று சுற்றுவதுபோல அதை எங்காவது காட்டிவிடத் துடித்தேன். ‘தண்டல் தன் சொந்த யோசனையில், மிகத் திறமையான மனூவர் ஒன்றைச் செய்து...’ என்று எழுதினேன். துரை கை காட்டியதை விட்டுவிட்டேன். சேர்த்தால் வீரனின் உயரம் குறையுமே!

விசாரணை அதிகாரி வாசித்துவிட்டு, “சொந்த யோசனையா?” என்று இங்கிலீஷில் கேட்டார். தண்டலுக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தார். திருத்தினால் என் வேலை போகும். நான் என் கோட்டுப் பொத்தானைப் பார்த்தேன். கை காட்டிய துரையோ கப்பலோடு போய்விட்டார். உத்தரவில்லாமல் வெட்டியதால் ஓர் உயிர் போனது என்று தீர்ப்பு. லைசென்ஸ் ரத்து.

மூன்றாம் நாள் தண்டல் ஆபீசுக்கு வந்தார். “தீர்ப்புல ‘மனூவரு’ன்னு வாசிச்சாகளே, அந்த இங்கிலீசு வார்த்தைக்கு என்ன அர்த்தம்? எம் பொழப்பு எதுல போச்சுன்னு தெரிய வேண்டாமா?”

அகராதியைப் பிரித்தேன். பிரெஞ்சிலிருந்து வந்தது, அதற்கு முன்னால் லத்தீன். கையும் வேலையும் சேர்ந்த சொல். முதலில் கையால் செய்கிற வேலை, நிலத்தைக் கொத்துவதுகூட அதில் சேர்த்தி. எருவுக்கு உள்ள இங்கிலீஷ் சொல்லுக்கும் இதே வேர்தான். சிரிப்பார் என்று எருவையும் சொன்னேன்.

சிரிக்கவில்லை. “எங் கைவேலைதான், பொய்யில்ல. துரை கையை எங்கன விட்டிய?”

அகராதியை மூடினேன்.

“துரை கை காட்டுனத இப்ப எழுதிக் குடுங்க. நிக்கேன்.”

“நாளைக்கு வாங்க அண்ணாச்சி.”

வந்தார். நான் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டு, ரைட்டர் இல்லை என்று பியூனைச் சொல்ல வைத்தேன். மேஜைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் செருப்புக் கால்களைத் தண்டல் பார்த்திருக்க வேண்டும்.

“இல்லேன்னா சரி,” என்று சொல்லிவிட்டு, உப்பளத்தில் மூட்டை தூக்கப் போனார்.