இரண்டு கண்ணி குறைந்த செயின்

என்னிடம் நாற்பத்தொரு வாட்ச் செயின்கள் இருக்கின்றன. எல்லாம் பழைய வெளிநாட்டு வாட்சுகளோடு கம்பெனியே போட்டு அனுப்பிய ஒரிஜினல் செயின்கள். வாட்ச் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாங்கியது, பேட்டரியில் ஓடுவது, அதற்கும் ரெக்சின் பட்டைதான். பள்ளிக்கூட வாத்தியார் சம்பளத்துக்கு அந்தச் சுவிட்சர்லாந்து வாட்சுகளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். செயின் மட்டும் என்றால் எப்படியாவது எட்டிப் பிடித்துவிடலாம். இது என் மனைவிக்கு இன்றுவரை விளங்கவில்லை. "மாடு வாங்க வக்கு இல்ல, மூக்கணாங்கயிறா சேத்து வச்சிருக்காவ" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள். காப்பி கொடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவாள்.

இந்தக் கிறுக்குக்கு எங்கள் பக்கத்தை விட்டால் வேறு ஊர் கிடையாது. கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் போய்வந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். வரும்போது நல்ல வாட்சாக வாங்கி வந்திருப்பார்கள். வந்த முதல் சீசனுக்கே மாமன் மச்சானோடு குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். உடம்பு பூராவும் எண்ணெய். அருவி விழுகிற வேகத்தில் செயின் பூட்டுத் திறந்து வாட்சோடு போய்விடும். ஒருத்தன் அப்படித் தொலைத்தால் தெருவே உஷாராகிவிடும். மற்றவர்கள் எல்லாரும் கம்பெனி செயினைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, முப்பது வருஷம் பிளாஸ்டிக் பட்டையைக் கட்டிக்கொண்டு அருவியில் நிற்பார்கள். வாட்சையே கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கலாமே என்று ஒருத்தனுக்கும் தோன்றியதில்லை. வெளிநாட்டு வாட்ச் கட்டியிருப்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? அந்த வீம்புக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவன். என் செயின்களில் பாதி அந்தப் பீரோக்களில் இருந்து வந்தவைதான்.

இலஞ்சியில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். வயல்காரக் குடும்பம். இவர் மட்டும் கப்பலில் எஞ்சின் வேலைக்குப் போய், கல்யாணமான புதிதில் ஏதோ ஒரு துறைமுகத்தில் அந்த வாட்சை வாங்கியிருக்கிறார். செயினைக் கழற்றாமல் ஐம்பது வருஷமாகக் கையில் போட்டிருக்கிற ஆள், எனக்குத் தெரிந்து அவர் ஒருத்தர்தான். செயின் நுனியில் உள்பக்கம் நம்பர் வெட்டியிருக்கும். அதுதான் ஒரிஜினலுக்கு அடையாளம். நம்பர் அப்படியே பளிச்சென்று இருந்தது. ஒரே ஒரு குறை, செயினில் இரண்டு கண்ணி கிடையாது.

வாட்ச் வாங்குகிறவர்கள் கை மெலிசாக இருந்தால் இரண்டு மூன்று கண்ணியைக் கழற்றிவிடுவது வழக்கம். கழற்றினதைப் பத்திரமாக வைக்க வேண்டும். கண்ணி குறைந்தால் செயினுக்கு மதிப்புக் குறைந்தது. ஆறு வருஷமாக மாதம் ஒருதரம் அவர் வீட்டுக்குப் போவேன். கேட்டைத் திறக்கும்போதே சத்தம் வரும்.

"என்ன வே, கெழவன் இருக்கானா போயிட்டானான்னு பாத்துட்டுப் போக வந்தீராக்கும்."

"என்ன பேச்சு அண்ணாச்சி இது" என்பேன். கண் என்னவோ அவர் மணிக்கட்டில்தான் இருக்கும்.

"இருக்கேன் வே. காப்பியக் குடிச்சுட்டு அடுத்த மாசம் வாரும்."

காப்பி வந்ததும் நான் என் பாட்டை ஆரம்பிப்பேன். "எல்லாம் சரி அண்ணாச்சி, அந்த ரெண்டு கண்ணிய எங்க போட்டீங்க? நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு சாமானோட அருமை தெரியாது. கம்பெனிக் கண்ணியப் போயி யாராவது தொலைப்பாங்களா?" அவரும் தவறாமல் ஒரே பதிலைச் சொல்லுவார். "அருவி கொண்டு போயிட்டு வே." தனியாகக் கழற்றி வைத்த கண்ணியை அருவி எப்படிக் கொண்டு போகும் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. அருவிக்குக் கீழே பாறை இடுக்கில் மோதிரம், கம்மல் தேடி எடுத்து விற்கிற ஒருவரிடம் போய்ச் சொல்லிவைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஐம்பது வருஷத்துக்கு முந்தி விழுந்ததா சார்?" என்று கேட்டார். ஆமா என்றேன். சரி, பார்க்கிறேன் என்றார், பாவம்.

இந்த ஆடி மாதம் போனபோது கேட்டைத் திறந்தும் சத்தம் வரவில்லை. அண்ணாச்சி நாற்காலியில் இருந்தார். வாட்ச் மேஜைமேல் கிடந்தது. அவர் கையும் காலும் நீர் கோத்து வீங்கியிருந்தன. மாத்திரை சாப்பிடுகிறாராம். செயினை எடுத்துக் கையைச் சுற்றிக் காட்டினார். பூட்டு எட்டவில்லை, ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி.

"ஆவணியில பேத்தி கல்யாணம், நம்ம முருகன் கோயில்ல வச்சு. வாட்ச் கட்டாம என் கைய நானே பாத்தது கெடயாது வே" என்றார். செயினை மறுபடியும் மேஜைமேல் வைத்துவிட்டு, "இந்த நம்பர்ல ரெண்டு கண்ணி உம்மகிட்ட கெடக்குமா?" என்று கேட்டார்.

ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. என்னிடம் இருந்தது. அதே நம்பர் செயின், ஒரு கண்ணிகூடக் குறையாமல் முழுசாக இருந்தது. என் நாற்பத்தொன்றிலும் அதுதான் ராஜா. இரண்டு கண்ணியை எடுத்தால் அதுவும் மற்றதைப்போல ஆகிவிடும். "இல்லியே அண்ணாச்சி" என்று வாய் கூசாமல் சொன்னேன். "அன்னைக்கே பத்திரமா வச்சிருந்தீங்கன்னா இன்னைக்கு இந்தப் பாடு உண்டா?" என்று வேறு சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அருவியைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது அவர் மனைவி கேட் வரைக்கும் கூட வந்தார்கள். ஆச்சி என்றுதான் நான் கூப்பிடுவேன். அதிகம் பேசுகிறவர்கள் இல்லை.

"அருவியும் கொண்டு போவல, ஒண்ணும் கொண்டு போவல சார்" என்றார்கள். "எங்க மூத்தவன் தூக்கத்துல திடுக்குதிடுக்குன்னு முழிச்சு அழுவான். இடுப்புல இரும்பு கெடந்தா புள்ள பயப்படாதும்பாங்கல்லா. அந்த ரெண்டு கண்ணியயும் அவன் அரைஞாண் கயித்துல நான்தான் கோத்துப் போட்டேன். பதினோரு மாசம் இருந்தான். காய்ச்சல்ல போயிட்டான். சின்னப் புள்ளையள எரிக்க மாட்டாங்க. புதைக்கப் போகையில கயித்த அவுக்க வந்தாங்க. இவுகதான் வேண்டாம்னுட்டாவ, அங்கன தனியா பயந்துக்கிடுவான்னு. அதுக்கப்புறம் எத்தன துறைமுகத்துக்குப் போனாவ, அந்தக் கண்ணி கெடைக்காமலா இருக்கும்? வாங்கல. இப்பம்தான் வாயத் தொறந்து கேட்டுருக்காவ."

செருப்பால் அடித்ததுபோல இருந்தது. ஆறு வருஷம், மாதாமாதம், அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே அவர் பிள்ளையைப் புதைத்த இடத்தை நோண்டியிருக்கிறேன். அருமை தெரியாதவர்கள் என்று பாடம் வேறு நடத்தியிருக்கிறேன். வண்டியை எடுத்தவன் பாதி வழியில், தென்னந்தோப்பு ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

வீட்டுக்கு வந்து ராஜாவை எடுத்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். கண்ணித் திருகு இறுகிக் கிடந்தது. மனைவி வந்து பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். அடுப்பங்கரைக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து இரண்டு சொட்டு விட்டாள். திருகு அசைந்தது. "ஒங்க மூக்கணாங்கயித்துக்கு இப்பமாவது ஒரு மாடு கெடச்சுதே" என்றாள்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி கையிலேயே செயினை வைத்து இரண்டு கண்ணியையும் மாட்டினேன். பூட்டு விழுந்தது. இல்லை என்று சொன்னீரே என்று அவர் கேட்கவில்லை. ஆச்சி சொல்லிவிட்டார்களா என்று நானும் கேட்கவில்லை. பழைய கண்ணிகள் தேய்ந்து மங்கியிருந்தன. புதிதாகச் சேர்ந்த இரண்டு மட்டும் கூர் மழுங்காமல் பளபளத்தன. அந்த இரண்டையும் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இனி இது ஒரிஜினல் இல்லியே வே" என்றார் கடைசியில். "நான் போனாலும் உமக்கு ஆகாதே."

"ஆகாது அண்ணாச்சி. நீங்களே கட்டிக்கிட்டு இருங்க."

"அப்பம் இனிமே எதுக்கு வருவீரு?"

"காப்பிக்கு" என்றேன். உள்ளே பார்த்து, "ஏட்டி, காப்பி போடு" என்றார்.

கல்யாணத்தில் கையை வேண்டுமென்றே தூக்கித் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினார். நானும் என் மனைவியும் முன்வரிசையில் இருந்து பார்த்தோம்.

போன மாதம் என்னைப்போலவே செயின் கிறுக்குப் பிடித்த ஒருவர் மதுரையிலிருந்து வந்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ராஜாவைக் கையில் எடுத்தார். எண்ணிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "என்ன சார், அருமையான செயின், ரெண்டு கண்ணியக் காணோமே? எங்க போட்டீங்க?"

"அருவி கொண்டு போயிட்டு" என்றேன்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பொருளின் அருமை தெரியாது என்று கால் மணி நேரம் திட்டினார். என் மனைவி அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். மூக்கணாங்கயிறு பற்றி அன்றைக்கு வாயே திறக்கவில்லை. இந்த மாதமும் வந்தார், அதையேதான் கேட்டார். நானும் அதையேதான் சொன்னேன்.