பாட்டு பீரியடும் போர் மணியும்

புதன்கிழமை நான்காவது பீரியட், ஒன்பதாம் வகுப்புக்குப் பாட்டு. கால அட்டவணையில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பீரியடில் கடைசியாக எப்போது பாடினோம் என்று பாட்டு டீச்சருக்கே நினைவில்லை. செவ்வாய் சாயந்திரமே கணக்கு வாத்தியார் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

"டீச்சர், ஒரே ஒரு கணக்குதான் மிச்சம். நாளைக்கு உங்க பீரியடை..." என்று இழுப்பார்.

"எடுத்துக்கோங்க சார்," என்று அவர் முடிப்பதற்குள் டீச்சர் சொல்லிவிடுவாள். தெரியாமல் யார் செருப்பையாவது மிதித்துவிட்டால் அந்தச் செருப்பிடமே மன்னிப்புக் கேட்கிற ரகம். ஒன்பது வருஷமாக அந்த ஒரே ஒரு கணக்கு மிச்சமாகவே இருக்கிறது. அப்படி என்ன கணக்கோ, கடவுளுக்கே வெளிச்சம்.

இந்த வருஷம் தலைமை ஆசிரியர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். "பேருக்கு ஒரு பீரியட் எதுக்கு டீச்சர்? அடுத்த வருஷம் அதைக் கணக்குக்கே எழுதிடலாம். நீங்க நூலகத்தைப் பாத்துக்கோங்க."

நூலகம் என்று அவர் சொன்னது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு அலமாரியை. அதற்குப் பூட்டுகூடக் கிடையாது. டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியவில்லை.

"சார், ஆண்டு விழா நாடகத்துக்கு நானே பிள்ளைங்களை வச்சு நேரடியா இசை போடுறேன். நல்லா வந்தா பீரியட் என்கிட்டயே இருக்கட்டும்."

அது அவருக்கு வலிக்கிற இடம். நாடகம் எழுதுவது அவர்தான். போன வருஷம் பென் டிரைவில் இசை போட்டார்கள். ராஜா சாகும் கட்டத்தில் சோக இசைக்கு நடுவே, "கறையா? கவலையை விடுங்க!" என்று ஒரு சோப்பு விளம்பரம் கூவியது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. பிணமாகக் கிடந்த ராஜாவும் சிரித்தான்.

"சரி. ஆனா என் வசனத்துல ஒரு எழுத்து சத்தத்துல முங்கக் கூடாது," என்றார்.

டீச்சரின் ஆர்மோனியத்தை விட்டால் பள்ளியில் ஒரே ஒரு டிரம்தான் இருந்தது. அதற்கும் ஒரு பக்கம்தான் தோல். அதை அடிக்க ஆள் எங்கே தேடுவது? டீச்சர் ஆசிரியர் அறையில் இருந்த புகார் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பாட்டு வேளை முழுக்கப் படித்தாள். 'பாடம் நடக்கும்போது பெஞ்சில் தாளம் போட்டான்.' 'டிபன் டப்பாவை ஸ்கேலால் தட்டினாள்.' 'பலமுறை கண்டித்தும் திருந்தவில்லை.' இந்தக் கடைசி ஆளுக்கு மட்டும் இரண்டு டிக் போட்டாள். முக்கால்வாசிப் புகார் கணக்கு வாத்தியாரின் கையெழுத்தில்தான் இருந்தது. அவருக்குத் தெரியாமலே நல்ல வேலை செய்து வைத்திருந்தார், மனிதர்.

மொத்தம் ஏழு பேர் தேறினார்கள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள்.

"டீச்சர், சத்தியமா இனிமே தட்ட மாட்டோம்."

"தட்டாம இருந்தாத்தான் இனிமே தண்டனை," என்றாள்.

ஒன்பதாம் வகுப்பு மூன்றாவது பெஞ்சுக்கு ஒரு பலகை தளர்ந்திருந்தது. தட்டினால் டிரம்மே தோற்கும். அதை நாலு பேர் தூக்கி வந்தார்கள். படை நடக்கும் சத்தத்துக்கு ஒரு தட்டில் ஜல்லி. மழைக்குப் பிஸ்கட் டப்பாவில் அரிசி. வீட்டில் சமையலறைத் தரை முழுக்க டப்பாக்களைப் பரப்பி, ஒவ்வொன்றாகக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். கணவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"சமைக்கப் போறியா, சண்டைக்குப் போறியா?"

"ஏங்க, அந்த டப்பாவைக் கொஞ்சம் ஆட்டுங்க. ம்ஹூம், அது தூறல். எனக்கு அடைமழை வேணும்."

நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதினாள். எந்த வசனத்துக்கு யார் கை, எத்தனை தட்டு, எங்கே நிறுத்தம். சிவப்புப் பென்சிலை அவள் தூக்கினால் ஏழு பேர் கையும் மடிக்குப் போய்விட வேண்டும். இறக்கினால் அடி.

போர்க் காட்சிதான் இடித்தது. எதிரி வருகிறான் என்று எச்சரிக்க, வயிற்றைக் கலக்குகிற மாதிரி ஒரு சத்தம் வேண்டும். பெஞ்சை எப்படித் தட்டினாலும் அது வரவில்லை. அப்படியொரு சத்தம் பள்ளியில் ஒன்றுக்குத்தான் இருந்தது: வராந்தாவில் தொங்கிய இரும்புத் தகடு, அதாவது பள்ளி மணி. மணியடிப்பவர் அதன் சுத்தியலைக்கூட யாரிடமும் கொடுக்க மாட்டார்.

"பத்தொம்பது வருஷமா என் கையத் தவிர வேற கை பட்டதில்ல டீச்சரம்மா."

"அப்ப நீங்களே வந்து அடிங்க அண்ணே."

அவர் மேலுதட்டைத் தடவிக்கொண்டே, "மீசை வரையணுமா?" என்று கேட்டார்.

பள்ளி விட்ட பிறகு, தகட்டைக் கழற்றிக் காலியான அரங்கில் மாட்டி, பத்து நாள் ஒத்திகை. அவர் நிறுத்தாமல் நீளமாக அடிக்கும்போதெல்லாம் எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

விழா நாள். கடைசி இரண்டு பீரியடில் நாடகம். முடிந்ததும் அப்படியே வீட்டுக்குப் போகலாம் என்று ஐந்நூறு பிள்ளைகளும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மழைக் காட்சியில் முன்வரிசை நிஜமாகவே கூரையை அண்ணாந்து பார்த்தது. வசனம் ஒரு எழுத்துக்கூட முங்கவில்லை. தலைமை ஆசிரியரின் உதடும் ராஜாவோடு சேர்ந்தே அசைந்தது. டீச்சருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"எதிரி வந்துவிட்டான்!" என்று ராஜா வாளை உயர்த்தினான். பென்சில் இறங்கியது. மணியடிப்பவர் தன் பத்தொன்பது வருஷப் பலத்தையும் சேர்த்து அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார்.

ஐந்நூறு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுந்து பையை மாட்டிக்கொண்டு "ஓ" என்று கத்தியபடி வெளியே ஓடினார்கள்.

நாற்பது பக்கத்தில் அது ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது. அந்தப் பள்ளியில் நீள மணி என்றால் வீட்டுக்குப் போகும் மணி. திரைக்குப் பின்னால் எதிரிப் படை ஈட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பையைத் தேடியது. கணக்கு வாத்தியார்கூட டிபன் பையோடு கதவுவரை போய்விட்டார். ராஜா மட்டும் ஓங்கிய வாளோடு தனியாக நின்றான். தலைமை ஆசிரியரின் முகத்தைப் பார்த்ததும் டீச்சர் மணியடிப்பவரிடம் ஓடினாள்.

"அண்ணே! காலை மணி! காலை மணி அடிங்க!"

அவர் சுத்தியலை மாற்றிப் பிடித்தார். பிறகு, காலையில் வரிசைக்குக் கூப்பிடுகிற மாதிரி, விட்டு விட்டு, மும்மூன்றாக அடித்தார். கேட் வரைக்கும் போன கால்கள் நின்றன. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் திரும்பினார்கள். வகுப்புவாரியாக, உயரப்படி, வரிசையாக வந்து நின்றார்கள். நின்றார்களே தவிர, உட்காரவில்லை.

"உட்காருங்க!" என்று தலைமை ஆசிரியர் தொண்டை கிழியக் கத்தினார். ஒருவனும் அசையவில்லை. காலை மணிக்குப் பிறகு பள்ளிப் பாட்டைப் பாடாமல் உட்கார்ந்து அவர்களுக்குப் பழக்கமில்லை.

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. ஆர்மோனியத்தில் கை வைத்துப் பென்சிலை இறக்கினாள்.

தினமும் காலையில் அந்தப் பாட்டு படும் பாடு கொஞ்சமல்ல. ஆறாம் வகுப்பு முடித்துவிட்டுக் கொட்டாவி விடும்போது பத்தாம் வகுப்பு இரண்டாவது அடியில் நிற்கும். இன்று ஏழு பேரும் தாளத்தை இறுக்கிப் பிடித்தார்கள். பெஞ்ச் 'தும்' என்ற இடத்தில் ஐந்நூறு வாயும் வந்து சேர்ந்தன. ராஜா வாளை இறக்கிவிட்டுப் பாடினான். எதிரிகளும் வெளியே வந்து அவன் பக்கத்தில் நின்று பாடினார்கள். கடைசிச் சொல் ஒரே தட்டில் முடிந்தது. பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள், எதிரிகள் உள்ளே போனார்கள், போர் முறைப்படி ஆரம்பித்தது.

நாடகம் முடிந்ததும் டீச்சர், மணியடிப்பவர், கதவுவரை போய் மாட்டிக்கொண்ட கணக்கு வாத்தியார் மூவரும் தலைமை ஆசிரியர் அறையில் நின்றார்கள்.

"அந்த மணி இனிமே மேடைப் பக்கம் வந்துச்சு..." என்று மணியடிப்பவரை முறைத்துவிட்டு அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். "அந்தப் பாட்டு எல்லாருக்கும் ஒண்ணா முடியும்னு நான் நினைச்சதே இல்ல டீச்சர். அந்த ஏழு பேரும் இனிமே தினமும் காலையில வாசிக்கட்டும்."

"வாசிப்பாங்க சார். ஆனா பயிற்சி வேணும். புதன்கிழமை நாலாவது பீரியட் முழுசா வேணும்."

தலைமை ஆசிரியர் கணக்கு வாத்தியாரைப் பார்த்தார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் என்ன பிடுங்கியா வச்சிருக்கேன்? கேட்டேன், அவங்களே குடுத்தாங்க."

அது உண்மைதான். அதனால்தான் டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஆமா சார், நான்தான் குடுத்தேன். ஒன்பது வருஷத்துல ஒரு தடவைகூட முடியாதுன்னு சொன்னதில்ல. அது உங்க தப்பு இல்ல." என்றாள் டீச்சர். "இனிமே கேக்காதீங்க. குடுக்க மாட்டேன்."