ரோஸ்விதாவுக்கு வைத்திருந்த முட்செண்டு

அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையிலிருந்தே மழை. பறக்க இயலாத இத்தகைய நாளில் எங்கள் கிளைடர் சங்கத்தின் கொட்டகைக்கு நான்கு பேர் வந்தாலே அதிகம். அன்று இருபது பேர் வந்திருந்தோம். காரணம் ரோஸ்விதா.

ரோஸ்விதா எங்கள் ஊருக்குத் தபால் கொண்டு வருபவர்; வயது ஐம்பத்தேழு. இருபத்தாறு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஓடுதளத்தின் கோடியில் வின்ச் வண்டியில் அமர்ந்து, எஞ்சின் இல்லாத எங்கள் கிளைடர்களை ஒரு கிலோமீட்டர் நீளக் கயிற்றால் இழுத்து வானில் ஏற்றியவர் அவரே. தாம் மட்டும் தரையிலேயே இருந்தார். இவ்வாண்டு வசந்தத்தில் திடீரென்று, "எல்லாரையும் மேல அனுப்பியாச்சு. இனி நான் போறேன்" என்று பயிற்சியில் சேர்ந்துவிட்டார்.

முதன்முறை தனியாகப் பறந்து இறங்குபவருக்கு எங்களிடையே இரண்டு மரியாதைகள் உண்டு. முட்செடிகளால் கட்டிய செண்டை வெறுங்கையால் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு அவர் குனிந்து நிற்க, சங்கத்தார் ஒவ்வொருவரும் பின்புறத்தில் ஓர் அடி வைப்பர். மேலெழும் காற்றை இருக்கை வழியே உணர அவ்விடம் கூர்மை பெற வேண்டும் என்பது சாத்திரம். அந்த வரிசையில் மிகக் கனமான கை ரோஸ்விதாவுடையது. அந்த அடியை வாங்காதவர் சங்கத்தில் இல்லை. ரொட்டிக்கடை கிஸ்பெர்ட் பதினொரு ஆண்டுகளுக்கு முன் வாங்கியதை இன்றும் தேதியோடு சொல்வார்.

அன்று ரோஸ்விதா முதன்முறை தனியாகப் பறப்பதாக இருந்தது; ஆகவே, திருப்பிக் கொடுக்க அனைவரும் வந்திருந்தோம். அன்று தவறினால், மறுநாள் காலை கிளைடர்களின் இறக்கைகளைக் கழற்றிக் குளிர்காலத்துக்கு அடைத்துவிடுவோம், பிறகு ஏப்ரல்தான்.

"என்ன கிஸ்பெர்ட், கையை அப்படித் தேய்க்கிற? குளிருதா?" என்றார் ரோஸ்விதா, வெங்காயக் கேக்கை வெட்டியபடி.

"சூடு பண்ணி வச்சுக்கிறேன், ரோஸி."

"மழை நிக்காதுடா."

"நிக்கும். நேத்தே பேசி வச்சுட்டேன்."

இரண்டு மணிக்கு மழை உண்மையாகவே நின்றது. காட்டுக்கு மேலே கைக்குட்டையளவு நீலம் தெரிந்தது. இருபது தொண்டைகளும் ஒன்றாய்க் கூவின. இருவர் அமரும் கிளைடரை வெளியே தள்ளிச் சென்றோம். ரோஸ்விதா தனியே உள்ளே அமர்ந்து, வார்களைப் பூட்டி, மூடியையும் சாத்திக்கொண்டார். மேற்கே பார்த்துக்கொண்டிருந்த பயிற்றாசிரியர் எபர்ஹார்ட், "கயிறை மாட்டாதீங்க! பொறுங்க!" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் சூறைக்காற்று மீண்டும் மழையோடு காட்டைத் தாண்டி வந்துவிட்டது. காற்றடித்தால் அனைவரும் இறக்கைகளின்மீது பாய்ந்து அழுத்த வேண்டும் என்பது விதி. காற்றுப் பக்கத்து இறக்கை நுனியில் கிஸ்பெர்ட் நின்றார். எங்களில் வேறெவரும் செய்யாத பிழையொன்றை அவர் செய்திருந்தார்: பறக்கும் முன்பே முட்செண்டைக் கட்டி, இறங்கிய மறுகணம் நீட்டுவதற்காகக் கோட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தார். அந்த நெஞ்சோடுதான் இறக்கையின்மீது பாய்ந்தார்.

"ஐயோ!"

அலறியவர் பிடியை விட்டார். இறக்கை எழும்பியது. ஈரத்தில் எங்கள் கைகளும் வழுக்கின. சக்கரம் புல்லை விட்டுக் கிளம்பியது! கண்ணாடி மூடிக்குள் ரோஸ்விதாவின் முகம் தெரிந்தது. தபால் வழியில் குரைக்கும் நாய்களுக்கு அவர் காட்டும் அதே முகம். எழும்பிய பக்கமாக இயக்குபிடியைச் சாய்த்தார், மூக்கைத் தாழ்த்தினார், வேகத்தடைத் தகடுகளைத் திறந்தார். இறக்கை சமமாயிற்று, சக்கரம் பூப்போலப் புல்லில் அமர்ந்தது.

"பறந்துட்டா! தனியா பறந்துட்டா!"

கொட்டும் மழையில் அடிப்பதற்கு வரிசை நின்றுவிட்டது.

"எவ்வளவு உயரம்?"

"ஒரு சாண்!"

"பொய்! ரெண்டு பிரெட்சல் ரொட்டி அடுக்குன உயரம்தான்."

"பறக்கவே இல்ல," என்றார் எபர்ஹார்ட். "மேல்பக்கமா தடுக்கி விழுந்தா, அவ்வளவுதான். கயிறே மாட்டலையே!"

சொட்டச் சொட்ட இறங்கிய ரோஸ்விதா இடுப்பில் கை வைத்தார். "ஒரு சாணுக்கெல்லாம் நான் குனிய மாட்டேன். முழுசா ஏத்துங்க, முழுசா வாங்கிக்கிறேன்." பிறகு கிளைடரைப் பார்த்தார், குரல் தாழ்ந்தது. "ஆனா நாளைக்குக் கழட்டிடுவீங்கல்ல?"

நெஞ்சிலிருந்து முள் பிடுங்கிக்கொண்டிருந்த கிஸ்பெர்ட்தான் வெடித்தார். "ஏப்ரல் வரைக்குமா? என்னால முடியாதுப்பா! பதினோரு வருஷம் பொறுத்தாச்சு. இந்த ஒண்ணை மட்டும் ஒரு வாரம் விட்டு வைங்க!"

ஆமோதித்துக் கைகள் உயர்ந்தன. எல்லோரும் எபர்ஹார்ட்டைப் பார்த்தோம்.

"அந்தக் காத்துல இறக்கையைச் சமமா இறக்குனவளை நான் எதுக்கு ஏப்ரல் வரைக்கும் தரையில வைக்கணும்? ஒரு வாரம். ஒரே ஒரு வாரம்."

அடுத்த ஞாயிறு வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. வின்சில் கிஸ்பெர்ட். ரோஸ்விதா மும்முறை தனியே ஏறினார், மும்முறையும் தனியே இறங்கினார். ஒரு வாரத்தில் காய்ந்த செண்டின் முட்கள் ஊசிகளாகியிருந்தன. வெறுங்கையால் வாங்கி, "அம்மாடி!" என்று குதித்து, சிரித்து, குனிந்தார். அடிகள் விழுந்தன. ஓடுதளத்தின் மறுகோடியிலிருந்து ஒரு கிலோமீட்டர் ஓடி வந்த கிஸ்பெர்ட் வரிசையில் கடைசியாக நின்றார். மூச்சிரைத்தது, கால் தள்ளாடியது. கையை ஓங்கினார். விழுந்ததோ குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பது போன்ற ஒரு தட்டு.

குனிந்தவாறே ரோஸ்விதா திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? பதினோரு வருஷம் இதுக்காடா காத்துக்கிட்டு இருந்த?"