நிக்கிற வண்டிக்கு ரெண்டு சட்டம்

என் தம்பி தலை நரைக்கிற வரைக்கும் ஸ்கூல் வேன் ஓட்டினவன். எங்க குடியிருப்புல அவன் பேரே 'ரெண்டு ஹாரன்'தான். காலையில வாசல்ல நின்னு ரெண்டே தடவை அடிப்பான், பிள்ளைங்க ஷூ லேஸ்கூடக் கட்டாம ஓடி வரும். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததும் வேன் கீழே பார்க்கிங்ல நின்னுபோச்சு. "எழுந்து ஓட்டுவேன், வித்துடாதீங்க"ன்னு குழறிக் குழறிச் சொன்னான். அந்த ஒரு நினைப்புலதான் சாப்பிட்டான், தூங்கினான்.

அவன் பொண்டாட்டி இன்சூரன்ஸ்காரரைக் கூப்பிட்டுக் கேட்டா. வீட்ல சும்மா நிக்கிற வண்டிக்குன்னு தனியா ஒண்ணு இருக்காம். தீப்பிடிச்சா, திருடு போனா கிடைக்கும். ஆனா ஓட்டவே கூடாது, ஓட்டினா செல்லாதுன்னாரு. சரின்னு அதையே எடுத்தோம். மறு வாரமே அசோசியேஷன் செயலாளர் கதவைத் தட்டறாரு. "மாசத்துக்கு ஒருதடவையாவது இடத்தை விட்டு நகராத வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவோம்மா. புது விதி."

ஒருத்தர் ஓட்டாதேங்கறாரு, ஒருத்தர் நகர்த்துங்கறாரு. நாங்க என்ன, பல்லக்கு மாதிரி தோள்லயா சுமக்கிறது? வயித்தெரிச்சல்ல செயலாளர் கிட்டயே கேட்டேன். "எப்படியோ நகர்ந்தாச் சரி"ன்னு போயிட்டாரு.

அதனால இன்ஜினைத் தொடாம, காம்பவுண்டுக்குள்ளயே தள்ளிக்கிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவோம். நான், தம்பி பொண்டாட்டி, வாட்ச்மேன். ஸ்டீயரிங் மட்டும் தம்பிதான் பிடிப்பான், வேற யாரையும் உட்கார விடமாட்டான். இடது கையால திருப்பிக்கிட்டே, "நல்லாத் தள்ளுக்கா, சோறு திங்கல?"ம்பான். அன்னிக்கெல்லாம் அவன் மூஞ்சியைப் பார்க்கணும், மாப்பிள்ளைக் களை.

போன மாசம் தண்ணித் தொட்டிப் பக்கத்துச் சரிவுல வண்டி எங்க கையை மீறி ஓடுச்சு. இடது கைக்குப் பக்கத்துலயே கை பிரேக் இருக்கு, அதைப் பிடின்னு ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் உட்கார வைப்போம். பழக்கம் விடுமா? அவன் காலைத்தான் நம்பினான். வண்டி நேரே போய்த் தூண்ல இடிச்சு நின்னுச்சு.

எனக்கு உசுரே போயிடுச்சு. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவனுக்கு ஒண்ணும் ஆகல.

"அழுத்தினேன்க்கா. நல்லாத்தான் அழுத்தினேன்."

சொல்லிட்டுக் கீழே குனிஞ்சு பார்த்தான். நாங்க தூக்கி வச்ச இடத்துலயே கிடந்துச்சு அந்தக் கால்.

அப்புறம் இடது கையாலயே சாவியை உருவிப் பொண்டாட்டி கையில வச்சான்.

"வித்துடு."

"தூண்ல லேசாத்தாங்க பட்டிருக்கு. சரிபண்ணி நிறுத்திக்கலாம்"னா அவ.

"வேண்டாம்மா. பிள்ளைங்கள ஏத்துற வண்டி."

என்னால தாங்க முடியல. அங்கேயே தரையில உட்கார்ந்து அவன் வலது காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அவன் வெளியே தூணைப் பார்த்துக்கிட்டிருந்தான். நான் பிடிச்சிருந்தது அவனுக்குத் தெரியவே இல்ல.