நெஞ்சுக்குக் கட்டிய துணி

மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் என் நெஞ்சைப் பிளந்து வால்வு மாற்றினார்கள். சின்ன வயதில் மூட்டு மூட்டாக வலித்துக் காய்ச்சல் வந்ததே, அதுதான் இதயத்தைக் கெடுத்துவிட்டது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மா கண்டுபிடித்து அனுப்பியிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் நெஞ்சைத் திறந்து மூடிக்கொண்டு வீடு திரும்பியதில்லை. ஆகவே ராஜபாளையம் ஸ்டேஷனில் இறங்கிய நாளிலேயே நான் வேடிக்கைப் பொருளாகிவிட்டேன்.

பார்க்க வந்த பெண்கள் ஹார்லிக்ஸையும் சாத்துக்குடியையும் வைத்துவிட்டு, ஆண்கள் எழுந்து வெளியே போகும்வரை காத்திருப்பார்கள். கதவைச் சாத்தியதும், "செத்த நேரம் காட்டுத்தா, பாத்துக்கிடுதோம்" என்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "டிக்கெட் எடுத்துட்டு வந்தீங்களாக்கும்?" என்று ஒருத்தியிடம் கேட்டேவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே என் முந்தானையை விலக்கினாள். பார்த்ததும் சிரிப்பு நின்று, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத்தான் நாங்கள் தண்ணீர் கொடுத்துத் தெளிய வைக்க வேண்டியிருந்தது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானே ஆஸ்பத்திரியில் குனிந்து பார்க்காமல் நாளைக் கடத்தியவள். வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் சேலை மாற்றும்போது பீரோக் கண்ணாடியில் தெரிந்துவிட்டது. தொண்டைக்குழிக்குக் கீழே தொடங்கி மேல்வயிறு வரைக்கும் ஒரே கோடு, கறுத்து, இரண்டு பக்கமும் தையல் தடத்தோடு. அழுகை வரவில்லை. இது யாருடைய உடம்பு என்றுதான் தோன்றியது. பயந்து சட்டென்று திரும்பினேன். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். எலும்போடு எலும்பு இடிக்கிற சத்தம், என் நெஞ்சுக்குள்ளிருந்து.

அன்றைக்குப் பிடித்தது பயம். இந்த நெஞ்சு மறுபடி பிளந்துவிடும். தும்மினால் பிளந்துவிடும், இருமினால் பிளந்துவிடும், ஒருக்களித்துப் படுத்தால் இரண்டாக விலகிவிடும். வேறு எதுவும் என் மண்டையில் ஓடவில்லை. இருமல் வந்தால் விழுங்கிவிடப் பழகினேன்.

கொஞ்ச நாளில் கோட்டின் மேல்முனையில் ஒரு வீக்கம் தெரிந்தது. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டித் தோலுக்கடியில் வைத்த மாதிரி இருந்தது. அதை முதலில் பார்த்தது மதினி.

மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் போனபின் எங்களோடேயே இருந்தார். வீட்டின் பின்கட்டில் எங்களுக்கு நாலு தறி உண்டு, பேண்டேஜ் துணி நெய்து கொடுப்போம். எங்கள் வீட்டில் காபி வடிகட்டுவதும் பேண்டேஜ் துணி, பாத்திரம் இறக்குவதும் பேண்டேஜ் துணி. மதினிக்கு இன்னொரு வேலையிலும் பெயர் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு வயிறு தொங்காமல் இருக்கத் துணி சுற்றிக் கட்டுவார்கள் அல்லவா, அதைத் தெருவில் எல்லோருக்கும் அவர்தான் கட்டினார். அவர் கட்டினால் வயிறு இருந்த இடம் தெரியாது என்பார்கள். எனக்கும் அவருக்கும் மட்டும் கல்யாணம் ஆன நாள் முதல் ஏழாம் பொருத்தம்.

வீக்கத்தைப் பார்த்ததும் மதினியின் முகம் செத்துவிட்டது.

"தையலு விடுது, ஏட்டி. உள்ளேருந்து தள்ளிக்கிட்டு வருது."

"என்ன மதினி சொல்லுதீக?"

"கட்டணும். பச்ச உடம்பு. வயித்துக்குக் கட்டுதோம்லா, அது கணக்காத்தான் இதுவும். கட்டாம விட்டா விரிஞ்சிரும்."

டாக்டர் கட்டச் சொல்லவில்லையே என்று என் வீட்டுக்காரர் முனகினார். "ஏலே, டாக்டரா வந்து இங்க பாத்துக்கிட்டு இருக்காரு?" என்று மதினி ஓர் அதட்டுப் போட்டதும் அடங்கிவிட்டார். அக்கா பேச்சுக்கு மறுபேச்சு பேசியே அறியாதவர்.

தறியிலிருந்து அறுத்த புதுத்துணி வந்தது. அக்குளுக்குக் கீழே தொடங்கி மார்பை அணைத்து, சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் முழங்காலை என் முதுகில் முட்டுக்கொடுத்து மதினி இழுத்துக் கட்டினார். கட்டி முடித்ததும் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். அந்த 'டொக்' சத்தம் கேட்கவில்லை. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. இத்தனை வருஷம் இவரோடு மல்லுக்கு நின்றோமே என்றுகூடத் தோன்றியது. மறுநாள் அவிழ்த்துக் கட்டும்போது நானே கேட்டேன்.

"இன்னும் இறுக்குங்க மதினி."

"எம்புட்டு?"

"ஏலுற மட்டும்."

தினமும் காலையில் அவிழ்ப்பதும் கட்டுவதுமாக, தினமும் ஒரு சுற்று கூடுதலாக, இப்படியே போயிற்று. வீக்கம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்கும் பயம் கூடும், கட்டும் கூடும்.

பிறகு மூச்சு குறைய ஆரம்பித்தது. முதலில் யாருக்கும் தெரியவில்லை. திட்டத் தொடங்கினால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். ஆபரேஷனுக்குப் பின் இவளுக்குப் பொறுமை வந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் உள்ளூர மகிழ்ந்திருக்கிறார், பாவம். அப்புறம் காய்ச்சல் வந்தது. நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடியவில்லை. ஒருநாள் காலை காபி கொண்டுவந்த என் வீட்டுக்காரர் என் உதட்டைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே போட்டார். உதடு நீலம் பாரித்திருந்ததாம். போட்ட வால்வு போய்விட்டது என்று வீடே ஓலமிட்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். சாகப்போகிறோம் என்பதைவிட, மறுபடி நெஞ்சை அறுப்பார்களே என்பதுதான் எனக்குக் குலைநடுக்கமாக இருந்தது.

பக்கத்து வீட்டு அம்பாசடரில் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மாவிடம் கிளம்பினோம். கார் குலுக்கும் என்று ஏறுவதற்கு முன் மதினி மேலே இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

டாக்டரம்மா என் முதுகில் குழாயை வைக்கப் போனவர், கையை எடுத்துவிட்டார். "உள்ள என்னம்மா இது?" என்றார். அவரே அவிழ்க்கத் தொடங்கினார். அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டே இருந்தது. நர்ஸ் வாங்கி வாங்கி மேஜையில் குவித்தாள். பொறுமை கெட்டுப்போய் டாக்டரம்மா கத்திரிக்கோலை எடுத்து வெட்டினார். கடைசிச் சுற்று விழுந்ததும் காற்று உள்ளே இறங்கியது பாருங்கள், எனக்கே திகைப்பாகிவிட்டது. என் மூச்சு இத்தனை நாளும் எங்கே போயிருந்தது?

"எதுக்கு இப்படிக் கட்டுனீங்க?"

நான் வீக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் விரலால் அமுக்கிப் பார்த்தார். சீழ் இல்லை, சூடு இல்லை. "இதுக்கா? இந்த ஆபரேஷன் செஞ்சவங்க நிறையப் பேருக்கு இந்த இடத்துல வீங்கத்தான் செய்யும். சில மாசத்துல தானா வத்திரும்" என்றார். அவர் சொன்னபடியே பின்னால் அது வற்றிப்போனது. அன்றைக்கு நான் நம்பவில்லை. "தையல் விட்டுப்போச்சு, உள்ளே சத்தம் வருது" என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

"எலும்பு கூடுறதுக்கு நாளாகும், அதுவரைக்கும் சத்தம் வரலாம். எதுக்கும் பாத்திருவோம்" என்று எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நடுநெஞ்சில் மேலிருந்து கீழாக வெள்ளை வெள்ளையாக வளையங்கள். ஒவ்வொன்றும் நுனியில் முறுக்கியிருந்தது. மில்லுக்கு வரும் பஞ்சுப் பொதியைக் கம்பியால் கட்டியிருப்பார்களே, அதேதான்.

"எலும்பை அறுத்தா நூலாலயா தைப்பாங்க? கம்பி போட்டிருக்காங்க. ஒண்ணுகூட விலகல. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"மெட்ராஸ்லயே சொன்னாக. உள்ள இரும்பு இருக்குன்னா நீ பயந்துருவியேன்னு..."

அவ்வளவு நாளும் பிளந்துவிடும் பிளந்துவிடும் என்று செத்துச் செத்துப் பிழைத்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? கையில் எது கிடைத்தாலும் எறிந்திருப்பேன், தெம்புதான் இல்லை.

"வால்வு நல்லாத்தான் இருக்கு. கட்டுனதுதான் வினை. நெஞ்சு விரியாததால நுரையீரல் அடியில சுருங்கி, சளி கட்டிக் காய்ச்சல் வந்திருக்கு. இன்னும் ரெண்டு நாள் இப்படியே விட்டிருந்தீங்கன்னா, இவங்களை இங்க கொண்டுவந்திருக்கவே வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

மதினி மேஜையில் குவிந்திருந்த துணியை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு சுவர் ஓரம் போய் நின்றார்.

டாக்டரம்மா என்னைப் படுக்கையில் சேர்த்து, நர்ஸிடம் ஊசிக்குச் சொன்னார். பிறகு, "இப்ப நல்லா இருமணும். சளி வெளிய வரணும். நெஞ்சு மேல கைய அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருமுனா வலி தெரியாது" என்றார். என் கை தூக்கினால் நிற்கவில்லை. அவர் மதினியைக் கூப்பிட்டார்.

"நீங்க வந்து கை வைங்கம்மா."

"வேண்டாம் தாயி. என் கை ஆகாது" என்றார் மதினி. அழவில்லை. குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இறுக்கச் சொன்னது நான்தான" என்றேன். அடுத்த வார்த்தைக்கு மூச்சு வாங்கவேண்டியிருந்தது. "வந்து வைங்க மதினி."

துணியைக் கீழே போட்டுவிட்டு வந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளங்கையைக் கோட்டின்மேல் வைத்தார். விழுங்கி விழுங்கி வைத்திருந்த இருமலை வெளியே விட்டேன். கண்ணில் பூச்சி பறந்தது. அவர் கைக்குக் கீழே 'டொக்' என்றது. இரண்டு பேரும் அசையவில்லை.

மதினி மெல்லக் கண்ணைத் திறந்தார். கையைக் கொஞ்சமாகத் தூக்கிக் கீழே பார்த்தார்.

"ஏட்டி," என்றார். "பிளக்கலட்டி."

மெட்ராஸிலும் அழாதவள் நான். அப்போதுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கும் கண்ணீர் தாடைவரை வழிந்தது, துடைக்கவில்லை. கையை மறுபடி என் நெஞ்சில் வைத்து, முன்னைவிட அழுத்தி, "அழுவாத. இன்னொருக்கா இருமு" என்றார்.