போல்ட் பொருந்தியது, ஓட்டை பொருந்தவில்லை

போன சனிக்கிழமை மேலகரம் ஒர்க்‌ஷாப்பில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இன்ஜின் சூடாகிறது, மேடு ஏறத் திணறுகிறது என்று எங்கள் பழைய காரை விட்டிருந்தேன். மெக்கானிக் காதர் பாய் போன் செய்தார். "சார், உடனே இங்கன வாங்க."

போனேன். இன்ஜின் ஹெட் தனியாகக் கிடந்தது. பக்கத்தில் இன்டேக் மேனிஃபோல்டு... அதுதான், ஹெட்டுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய். ஒரு கேஸ்கெட்டை, அதாவது இரண்டுக்கும் நடுவே காற்று கசியாமல் வைக்கும் அட்டையை, ஹெட் மேல் வைத்தார். ஓட்டைகள் கச்சிதம். அதையே மேனிஃபோல்டு மேல், போல்ட் துளை பார்த்து வைத்தார். நாலு ஓட்டையும் பாதி மூடிக்கொண்டது!

"உள்ள போற காத்து சுவத்துல முட்டுது சார். பின்ன எப்படி மேடு ஏறும்? எந்தக் கிறுக்கன் இத மாட்டச் சொன்னான்?"

அந்தக் கிறுக்கன் நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் பழைய மேனிஃபோல்டு விரிசல் விட்டது. காயலான் கடையில் வேறு மாடலுடையதை வாங்கி வந்தேன். அப்போதைய மெக்கானிக் தயங்கினார். "போல்ட் பொருந்துதுல்ல? முறுக்குங்க" என்றேன்.

அடுத்த வாரமே ஆரியங்காவு ஏற்றம். ஓட்டியது என் மனைவி செல்வி. வண்டி திணறி நின்றது. பின்னால் பஸ்ஸின் ஹாரன், பின் ஸீட்டில் அவள் தம்பி குடும்பம். "வண்டிக்கு மூச்சு முட்டுதுங்க, என்னன்னு பாருங்க" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்கு கியர் போடத் தெரியல. இறங்கு!"

அன்று வாங்கிய சாவியை நான் திருப்பித் தரவே இல்லை. சுரண்டையில் டீச்சர் அவள். இரண்டு வருஷமாக பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறாள். நான் காரில் கடையம் ஆபீஸுக்கு! நான் ஓட்டும்போதும் திணறத்தான் செய்தது. அப்போதெல்லாம் பெட்ரோல் சரியில்லை என்பேன். அவள் ஓட்டினால் அவள் தப்பு, நான் ஓட்டினால் பெட்ரோல் தப்பு — என்ன மனுஷன் நான்? வெட்கமாக இருக்கிறது.

பாய் மேனிஃபோல்டு மேல் கேஸ்கெட்டை வைத்துக் கோடு கிழித்து, அந்த ஓட்டைகளை இரண்டு நாள் அரைத்து, ஓட்டைக்கு நேராக ஓட்டையைக் கொண்டுவந்தார். வண்டி இப்போது சீறுகிறது.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என் மேலதான், செல்வி." சாவியை நீட்டினேன்.

வாங்கி ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டாள்.

"கடையம் பஸ் ஏழு நாப்பதுக்கு. பின் படியில ஏறுங்க... அங்கனதான் நிக்க இடம் இருக்கும்."