மஞ்சள் வேனுக்கு ஓர் இரங்கல் அறிவிப்பு

இரங்கல் அறிவிப்பு என்றால் தேவசகாயம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டுதான் பேசுவார். பட்டுப்புடவைத் தள்ளுபடி என்றால் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பேசுவார். நாளைக்குக் குடிநீர் வராது என்று சொல்லவேண்டி வந்தால் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொள்வார். அது எதற்கு என்று கேட்டேன். "ஊரே திட்டப்போற சேதி சார். கொஞ்சம் தெம்பா நிக்க வாணாமா?" என்றார்.

பேசுகிற இடம் கலீமுல்லா பாயின் மைக் செட் கடை. கடைக்குப் பின்னால் ஓர் அறை; சுவர் முழுக்கப் பழைய ஜமக்காளம் அடித்திருக்கும். மின்விசிறி ஓடினால் அதன் இரைச்சல் பதிவில் விழுந்துவிடும் என்று நிறுத்திவிடுவார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, வியர்வை மூக்கு நுனியில் சொட்ட, "முழுவதும் குளிரூட்டப்பட்ட எங்கள் ஷோரூமுக்கு வாருங்கள்" என்று மனிதர் ஊரை அழைத்துக்கொண்டிருப்பார்.

காஞ்சிபுரத்துத் தெருக்களில் ஆட்டோவின் தலைமேல் கட்டிய குழாயில் நீங்கள் எதைக் கேட்டிருந்தாலும் அது பெரும்பாலும் இவர் குரல்தான். கருட சேவையன்று வண்டியை எங்கே நிறுத்துவது, ரம்ஜான் கடைகள் எங்கே போட்டிருக்கிறார்கள், கண் பரிசோதனை முகாம் எந்தப் பள்ளிக்கூடத்தில், யாருடைய குழந்தை தேரடியில் அழுதுகொண்டு நிற்கிறது, எல்லாம் இவர் வாயால்தான். இவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர். ஆனால் பெருமாள் எந்த வீதி வழியாகத் திரும்புவார் என்பது இவர் சொல்லித்தான் பாதி ஊருக்குத் தெரியும்.

ஆச்சரியம் என்னவென்றால், மைக் இல்லாதபோது அந்தக் குரல் இருக்காது. கடையில் கால் கிலோ கத்திரிக்காய் கேட்பதற்குள் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார். ஒல்லியாக, பிசிறடித்து, யாரோ இரவல் கொடுத்த மாதிரி ஒரு குரல். காய்கறிக்கடை அம்மா ஒருத்தி இவரிடமே, "அந்த ஆட்டோவுல பேசுற ஆளு நல்லா வாட்டசாட்டமா இருப்பாரு போலக்கீது" என்றாளாம். இவர், "இருப்பாரும்மா" என்று சொல்லிவிட்டுக் கொத்தமல்லியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தெருவில் தன் குரலைச் சுமந்துகொண்டு ஆட்டோ வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்று, அது போன பிறகுதான் நடப்பார். வெட்கமா, மரியாதையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மனைவி கலையரசி காந்தி ரோட்டில் ஒரு பட்டு மாளிகையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். வீட்டில் மாதாமாதம் நிலையாக வரும் வருமானம் அவருடையதுதான். ஒரே மகள் சுகாசினி. பிறவியிலேயே மனவளர்ச்சிக் குறை. டாக்டர்கள் அவளுக்கு ஒரு வயதும் அவள் மூளைக்கு ஒரு வயதும் சொல்வார்கள். தேவசகாயத்திடம் கேட்டால், "பதினேழு வயசுக்கு பதினேழு வயசுதான் சார்" என்று முடித்துவிடுவார்.

கூரம் போகிற பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பகல்நேர மையம் இருக்கிறது. ஓர் அறக்கட்டளை நடத்துகிறது, அரசாங்கம் மானியம் தருகிறது. காலையில் மஞ்சள் வேன் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடும். சிந்தாமல் தண்ணீர் குடிப்பது, சட்டையில் முன்பக்கம் பின்பக்கம் பார்ப்பது, பாத்ரூம் போகவேண்டும் என்று முன்கூட்டியே சொல்வது, எல்லாம் சுகாசினி அங்கே கற்றுக்கொண்டவை. முதன்முதலாக அவளே பட்டன் போட்டுக்கொண்ட நாளில் கலையரசி கடை முழுக்க லட்டு கொடுத்திருக்கிறார். முதலாளி எதற்கு என்று கேட்டு, காரணம் புரியாமலே இன்னொரு லட்டு வாங்கித் தின்றாராம்.

இந்த வருஷம் வைகாசி உற்சவம் முடிந்த கையோடு சேதி வந்தது. மாற்றுத்திறனாளிகள் சேவைக்கான நிதியைக் குறைத்துவிட்டார்கள். மையம் இருக்கும், வேன் இருக்காது. அவரவர் பிள்ளையை அவரவர் கொண்டுவந்து விட்டுக்கொள்ளலாம். கேட்பதற்குச் சின்ன விஷயம். பஸ் ஹாரன் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்துவிடும் பெண்ணை எந்த பஸ்ஸில் ஏற்றுவது? தினம் ஆட்டோ வைத்தால் கலையரசி சம்பளம் அதற்கே சரியாகப் போய்விடும். வீட்டில் வைத்துக்கொண்டால் யார் இருப்பது?

திங்கட்கிழமை காலை சுகாசினி பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வேன் வரவில்லை. உள்ளே கூப்பிட்டால் வரமாட்டேன் என்றாள். பையைக் கழற்றாமலே சாப்பிட்டாள், பையோடே மத்தியானம் தூங்கினாள். மறுநாளும் அப்படியே. அந்த வாரக் கடைசியில் பாத்ரூம் போகச் சொல்ல மறந்து பாவாடையை நனைத்துக்கொண்டாள். லீவு போட்டு வீட்டில் இருந்த கலையரசி அன்றைக்குத்தான் உடைந்து அழுதார். "கத்துக்கினதெல்லாம் கையை விட்டுப் போவுதுங்க. முகூர்த்த சீசன்ல இன்னும் எத்தினி நாளு லீவு குடுப்பாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

பெற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனார்கள். நீதான் ஊருக்கே பேசுகிறவன் என்று தேவசகாயத்தை முன்னால் தள்ளினார்கள். மைக் இல்லாத தேவசகாயம் எப்படிப் பேசுவார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை பாவம். இவர் கையைக் கட்டிக்கொண்டு, பிசிறுக் குரலில், வேன் நின்றுபோன கதையை ஆரம்பித்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "என்ன சொல்றீங்க? சத்தமா பேசுங்க" என்றார். இவர் மறுபடி ஆரம்பித்தார். மறுபடி, "காதுல விழல, சத்தமா" என்றார் அவர். கடைசியில், மேலே எழுதியிருக்கிறோம், உத்தரவு வரட்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

நேரே கலீமுல்லா பாய் கடைக்கு வந்தார் தேவசகாயம்.

"சத்தமா பேசச் சொல்லிட்டாங்க பாய்" என்றார்.

"யாரு?"

"ஆபீஸ்ல."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். கலீமுல்லா பாய் பதறி எழுந்துவிட்டாராம். முப்பது வருஷப் பழக்கத்தில் அவருக்குத் தெரியும், செருப்பைக் கழற்றினால் யாரோ போய்விட்டார்கள் என்று. விஷயத்தைக் கேட்ட பிறகு பதற்றம் வேறு மாதிரி ஆகிவிட்டது. "பேஜார் புடிச்ச வேலைப்பா தேவா. பொய் சேதி சொன்னா போலீஸ் வரும்."

"இன்னா பொய்? டெய்லி வந்துக்கினு இருந்தது இப்ப வரல. இனிமேட்டு வராதுன்றாங்க. அதுக்குப் பேரு இன்னா பாய்?"

பாய் மின்விசிறியை நிறுத்தினார்.

அந்தப் பதிவை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "வருந்துகிறோம்" என்று முதல் சொல்லை இழுக்கிறார் பாருங்கள், அது ஒன்று போதும், கேட்கிறவன் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவான். "கூரம் சாலை பகல்நேர மையத்தின் மஞ்சள் வேன் அவர்கள், நிதிக்குறைப்பு என்னும் நோயால் தாக்கப்பட்டு, கடந்த திங்கட்கிழமை காலை காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரை இழந்து வாடும் பிள்ளைகளும் பெற்றோரும் இன்று பகல் பதினொரு மணிக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலக வாசலில் கூடுகிறார்கள். உற்றார் உறவினர் அனைவரும் வந்து கலந்துகொள்ளுமாறு வேண்டுகிறோம்." இயற்கை எய்தினார் என்று போடுவதுதானே வழக்கம் என்று கேட்டேன். "இயற்கையா எங்க சார் செத்துது? கையெழுத்துப் போட்டுல்ல கொன்னாங்க" என்றார்.

மறுநாள் காலை கலீமுல்லா பாயே ஆட்டோவை ஓட்டினார். இங்கேதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. இந்த ஊரில் இரங்கல் அறிவிப்பை யாரும் வார்த்தை வார்த்தையாகக் கேட்பதில்லை. தேவசகாயத்தின் ராகம் வந்தாலே போதும், கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்குவார்கள், தறி சத்தம் கொஞ்சம் ஓயும். எத்தனை மணி, எந்த இடம் என்பது மட்டும் காதில் ஏறும். பறையடிக்கும் கந்தனுக்கும் அவ்வளவுதான் ஏறியது. யாராவது வந்து கூப்பிடட்டும் என்று காத்திருக்கிற ஆள் இல்லை அவர். குழுவைக் கூட்டிக்கொண்டு, பறையைத் தீயில் காய்ச்சி எடுத்துக்கொண்டு, சரியாகப் பதினொரு மணிக்கு அலுவலக வாசலில் வந்து நின்றார்.

"பாடி எங்கப்பா?" என்று கேட்டார்.

அதற்குள் பெரிய மலர்வளையத்தோடு ஒரு வட்டச் செயலாளர் காரில் வந்து இறங்கினார். செத்தது யாரென்று அவருக்கும் தெரியாது. யாராக இருந்தாலும் வார்டு வாக்காளர்தானே என்று வந்திருக்கிறார். போட்டோகிராபரையும் கூட்டி வந்துவிட்டதால் திரும்பிப் போகவும் வழியில்லை. கலையரசி கையில் பிடித்திருந்த வேன் படத்துக்கு மலர்வளையம் வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் தலை குனிந்து நின்றார். அடக்கமுடியாமல் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

கந்தனுக்கு விஷயத்தை எடுத்துச் சொன்னது கலையரசிதான். சக்கர நாற்காலியிலும் தாய்மார் இடுப்பிலும் தோளிலும் இருந்த பிள்ளைகளை அவர் ஒரு சுற்றுப் பார்த்தார். "வேனுக்கா? செரி, வந்தது வந்துட்டம், அடிச்சிட்டே போறோம்மா" என்றார். கூலிப் பேச்சே எடுக்கவில்லை. அடித்தார்கள் பாருங்கள், அலுவலக ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. சத்தம் பிடிக்காத பிள்ளைகளை ஓரமாகக் கூட்டிப்போனார்கள், மற்றவர்கள் ஆடினார்கள். "காதுல விழல" என்று சொன்ன அந்த மனிதர் மாடி வராந்தாவுக்கு வந்து இரண்டு கையையும் காட்டி நிறுத்தச் சொன்னார். அவர் என்ன சொன்னார் என்பது கீழே யாருக்கும் கேட்கவில்லை. தேவசகாயம் அண்ணாந்து பார்த்து, தன் பிசிறுக் குரலில், "சத்தமா பேசுங்க சார்" என்றார்.

மறுநாள் பேப்பரில் மலர்வளையப் படம் வந்தது. பத்து நாள் இழுத்தடித்து ஓர் இடைக்கால ஏற்பாடு சொன்னார்கள்: வாரத்தில் மூன்று நாள் வேன் வரும். செவ்வாயும் வியாழனும் வராது. சிலர் இதுவே போதும் என்றார்கள். தேவசகாயம் ஒத்துக்கொள்ளவில்லை. "செவ்வாக்கெழம வியாழக்கெழமல எம் பொண்ணு நல்லா ஆயிடுவாளா சார்?" என்று கேட்டார். மனுவும் கையுமாக அலைந்துகொண்டுதான் இருக்கிறார்.

போன வியாழக்கிழமை நான் மைக் செட் கடைக்குப் போனேன். கலையரசி வேலைக்குப் போயிருந்தார். பதிவறையில் தேவசகாயத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, அதில் சுகாசினி தலை வாரிப் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். பேசவேண்டியது ஓர் அரசு அறிவிப்பு. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை முகாம். அதே அலுவலகத்திலிருந்து வந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்றேன். "முகாமு நம்ம புள்ளைங்களுக்குத்தான சார்" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்து ஆரம்பித்தார். "அரசு வழங்கும் நலத்திட்டங்களை அனைவரும் பெற்றுப் பயனடையுமாறு" என்றதும் பக்கத்திலிருந்து, "மாறு" என்றாள் சுகாசினி, சந்தோஷமாக, உரக்க. பாய் நிறுத்தினார். மறுபடி எடுத்தார்கள். "அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." "றார்கள்!" என்றாள். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாப்பா கொரலு விழுதுப்பா தேவா. வீட்டுல இருக்குற எம் பொண்ணு ஆஸ்மாவ வரச் சொல்றேன், கொஞ்ச நேரம் வெளிய வெச்சிக்கட்டும். இல்லன்னா வுடு, அந்த எடத்த மட்டும் நான் கம்ப்யூட்டர்ல வெட்டி எடுத்துர்றேன்."

தேவசகாயம் மைக் தாங்கியின் கழுத்துத் திருகைத் தளர்த்தி, மைக்கைத் தன் வாய்க்கும் மகள் வாய்க்கும் நடுவில் கொண்டுவந்து வைத்து, இறுக்கித் திருகினார்.